ஆண்டறிக்கையின் 'சாதனைகள்' பகுதியில் எதை எழுதுவது, யாரை எழுதுவது?

மலைக்கோட்டை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறையில் இணைப்பேராசிரியராக இருக்கிறேன். ஊரும் பெயரும் இங்கே தேவையில்லை. ஆசிரியர்களும் பணியாளர்களும் அந்தந்த ஆண்டில் செய்த சாதனைகளைத் துறைவாரியாகத் திரட்டி, பட்டமளிப்பு விழா அறிக்கைக்கும் உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு ஆண்டுதோறும் அனுப்பும் தர அறிக்கைக்கும் தொகுத்துக் கொடுக்கும் வேலை மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. துணைவேந்தர் மேடையில் வாசிக்கும் அறிக்கையின் நடுப்பகுதி பெரும்பாலும் என் மேசையில்தான் உருவாகிறது.

இவ்வாண்டு வந்த படிவங்களை அடுக்கி வைத்துப் படித்தபோது, இவற்றில் எவற்றைச் சாதனை என்று எழுதுவது என்பதே எனக்குக் குழப்பமாகிவிட்டது. காப்புரிமை என்று வந்தவற்றுள் பெரும்பாலானவை 'வெளியிடப்பட்டது' என்ற நிலையில் இருப்பவை. 'சிறந்த ஆராய்ச்சியாளர்' விருதுச் சான்றிதழ்கள் சிலவற்றின் பின்னால், பதிவுக் கட்டணம் செலுத்திய ரசீதும் சேர்த்தே இணைக்கப்பட்டிருக்கிறது. இணைத்தவர்கள் அதை மறைக்கவேண்டிய ஒன்றாகவே நினைக்கவில்லை. இணையவழிக் கருத்தரங்கில் ஒரு மணி நேரம் பேசியதும், எட்டு ஆண்டு உழைப்பில் வந்த நூலும் ஒரே எழுத்துருவில், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'ஆசிரியரல்லாப் பணியாளர் சாதனைகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் அதில் பணியாளர் விளையாட்டுப் போட்டிப் பரிசு, இரத்ததானம், இருபத்தைந்து ஆண்டுப் பணி நிறைவு ஆகிய மூன்றுமே இடம்பெறும். எங்கள் துறையின் ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர், குறைந்த வெப்பநிலையில் மின்தடையை அளப்பதற்கான திரவ நைட்ரஜன் அமைப்பு ஒன்றை, பழைய துண்டு துணுக்குகளைக் கொண்டும், தாமே கடைசல் எந்திரத்தில் கடைந்தெடுத்த உறுப்புகளைக் கொண்டும் உருவாக்கினார். வெளியிலிருந்து வாங்கியிருந்தால் அதற்குத் துறையின் பல ஆண்டு நிதி போயிருக்கும். அதில் எடுத்த அளவீடுகளை வைத்து மூன்று கட்டுரைகள் வெளிவந்தன. மூன்றும் என் பட்டியலில் இருக்கின்றன. அவர் பெயர் எங்கும் இல்லை. இந்த மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார்.

இத்தகைய பட்டியல்களைத் தொகுத்தவர்களும், அவற்றில் இடம்பெற்றவர்களும், விடுபட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோப்பெண்

அறிவுசார் சொத்துரிமைப் பிரிவொன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், காப்புரிமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு விண்ணப்பத்தைக் கிண்டியில் உள்ள அலுவலகத்திலோ இணையவழியிலோ தாக்கல் செய்தால், சாதாரணமாகப் பதினெட்டு மாதங்கள் கழித்து அது அதிகாரபூர்வ இதழில் தானாகவே வெளியாகும். அவ்வளவு காலம் காத்திருக்க விரும்பாதவர், படிவம் 9-ஐக் கட்டணத்தோடு கொடுத்தால் விரைவிலேயே வெளியாகிவிடும். இந்த வெளியீட்டுக்கு எந்தத் தேர்வும் இல்லை. கண்டுபிடிப்பு புதியதா, ஏற்கெனவே இருப்பதா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அதைப் பார்க்கவேண்டுமானால் படிவம் 18-இன் வழியே தனியாகக் கோரிக்கை வைக்கவேண்டும்; அதன் பிறகுதான் தேர்வாளர் அறிக்கை, அதற்கு மறுமொழி, சில வேளைகளில் நேர்விசாரணை என்று நடந்து, இறுதியில் உரிமை வழங்கப்படும் அல்லது மறுக்கப்படும். ஆகவே 'காப்புரிமை வெளியிடப்பட்டது' என்பதற்கு 'விண்ணப்பம் போட்டோம், அது பொதுப் பார்வைக்கு வந்தது' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை 2021-இல் வந்தது. அது நல்ல நோக்கத்தோடு வந்த சலுகைதான். ஆனால் எண்ணிக்கைக்காக விண்ணப்பம் போடுவதும் அதனால் மலிவாகிவிட்டது.

இதைவிட மோசமானது வடிவமைப்புப் பதிவு. பிரிட்டனில் ஒரு பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்யும்போது அது புதியதா என்று அந்நாட்டு அலுவலகம் சோதிப்பதில்லை. அந்தப் பதிவை முகவர்கள் வாங்கிக் கொடுத்து, ஆசிரியர்கள் அதை 'பன்னாட்டுக் காப்புரிமை' என்று படிவத்தில் எழுதுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பெட்டியின் படத்தைப் பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, இனிமேல்தான் செய்யவேண்டும் என்றார்கள்.

உங்கள் பட்டியலில் 'விண்ணப்பித்தவை', 'வழங்கப்பட்டவை' என்று இரண்டு தலைப்புகளை வைத்து, வடிவமைப்புப் பதிவைத் தனியே ஒதுக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எண்ணும்எழுத்தும்

'உலகின் முதல் 2 விழுக்காடு அறிவியலாளர்' என்று ஆண்டுதோறும் பல்கலைக்கழக வாசல்களில் பதாகை கட்டுகிறார்களே, அதையும் பேசிவிடலாம். அது விருது அன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் யாரையும் தேர்ந்தெடுத்துக் கௌரவிப்பதும் இல்லை. அங்கு பணியாற்றும் ஜான் அயோனிடிஸ் என்பவரும் அவரது கூட்டாளிகளும், ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் உள்ள மேற்கோள் எண்ணிக்கைகளைக் கொண்டு கணக்கிட்டு வெளியிடும் தரவுத் தொகுப்பு அது. 22 புலங்களாகவும் 174 உட்புலங்களாகவும் பிரித்து, முழுப் பணிக்காலத்துக்கு ஒன்றும் ஒரே ஓர் ஆண்டுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் தருகிறார்கள். நம் ஊர்ப் பதாகைகளில் வருபவை பெரும்பாலும் அந்த ஓராண்டுப் பட்டியலைச் சேர்ந்தவை. தம்மைத் தாமே மேற்கோள் காட்டிக்கொண்ட அளவும் அதே தரவில் இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பற்றிய விவரத்தையும் அண்மைப் பதிப்புகளில் சேர்த்திருக்கிறார்கள். பதாகை கட்டுபவர்கள் அந்தப் பத்திகள் வரை போவதில்லை.

ஆயினும் அப்பட்டியலில் இருப்பதே குற்றம் என்பதுபோல் சிலர் பேசுவதையும் நான் ஏற்கமாட்டேன். சிறிய ஊரில், நல்ல கருவிகளும் பணமும் இல்லாமல் வேலை செய்யும் ஒருவரது கட்டுரைகளை உலகில் பிறர் எடுத்தாள்கிறார்கள் என்பது மகிழ வேண்டிய செய்திதான். அதைச் செய்தியாக, எந்த உட்புலம், எந்த ஆண்டு, எந்தப் பட்டியல் என்ற விவரத்தோடு சொன்னால் போதும்.

இன்னொன்று: ஆண்டறிக்கையில் 'இவ்வாண்டுச் சாதனை' என்ற சொல்லே நம்மை வழிதவறச் செய்கிறது. புள்ளியியலாளர் சி.ஆர்.ராவுக்குப் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு 2023-இல் கிடைத்தது. எதற்காக? 1945-இல், தமது இருபத்தைந்தாவது வயதுவாக்கில், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய ஒரே ஒரு கட்டுரைக்காக. மதிப்பீட்டில் பிழை எந்த அளவுக்குக் கீழே போகமுடியாது என்று காட்டும் கிராமர்–ராவ் எல்லை, ராவ்–பிளாக்வெல் தேற்றம், தகவல் வடிவியலுக்கான வித்து ஆகிய மூன்றும் அந்த ஒரு கட்டுரையில் இருக்கின்றன. 78 ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்கு 102 வயதாகும்போது பரிசு வந்தது. 1945-ஆம் ஆண்டுக்கான பட்டியலை நாம் தொகுத்திருந்தால், 'உள்ளூர் இதழ்' என்று ஒரு குறிப்பு எழுதிக் கீழே தள்ளியிருப்போம்.

ஏட்டுச்சுவடி

தமிழ்த்துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். மேலே பேசியவர்கள் எல்லாரும் அறிவியல்காரர்களாகவே இருப்பதால், என் பங்குக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 மதிப்பெண். அறிவியல் துறைகளில் 8. ஒரு முழு நூலை இன்னொரு மொழியிலிருந்து மொழிபெயர்த்தால் 8. அதாவது எண்ணூறு பக்க நூலொன்றை ஐந்தாண்டுகள் உட்கார்ந்து பெயர்த்தவரைவிட, எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை எழுதியவர் இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் பெறுவார். சுவடியொன்றைப் படியெடுத்து, பாடபேதம் குறித்து, பதிப்பித்து வெளியிடுபவருக்குத் தனியாக ஒரு வரி அந்த அட்டவணையில் இல்லை. அவர் 'நூலாசிரியர்' என்றோ 'பதிப்பாசிரியர்' என்றோ ஏதாவதொரு கட்டத்தில் தம்மை நுழைத்துக்கொள்ளவேண்டும். 'பதிப்பாசிரியர்' கட்டத்துக்குள் போனால், பிறர் எழுதிய கட்டுரைகளைத் திரட்டிக் கருத்தரங்க மலர் வெளியிட்டவரோடு சமமாக நிற்பார்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை நினைத்துப் பார்க்கிறேன். 1913-இல் தொடங்கிய வேலை; 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் பின்னிணைப்பு. எல்லாம் சேர்த்து 1,17,762 சொற்கள். வையாபுரிப் பிள்ளை 1926-இல் பதிப்பாசிரியர் பொறுப்புக்கு வந்தார், மு.இராகவையங்கார் தொடக்கம் முதலே தமிழ்ப் பண்டிதராக அங்கே இருந்தார். முதல் தொகுதி வெளிவருவதற்கு முன் கழிந்த பதினோர் ஆண்டுகளில், ஆண்டறிக்கையில் அகராதி வேலையில் இருந்தவர்கள் எதை எழுதியிருக்கமுடியும்? 'சொற்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்' என்று பதினொரு முறை எழுதினால் இன்றைய தர உறுதிக் குழு என்ன சொல்லும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2024-ஆம் ஆண்டுக்கான தமிழ்ச் சாகித்திய அகாதெமி விருது, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதிக்கு, 1908-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சியையும் வ.உ.சி.யையும் பற்றிய ஆய்வு நூலுக்காகக் கிடைத்தது. அவர் வ.உ.சி.யின் கடிதங்களைத் தேடி வெளியிட்டபோது பள்ளிப் பருவத்தைத் தாண்டியிராத இளைஞர். அந்தத் தேடல் நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்ததன் ஒரு விளைச்சல்தான் இந்த நூல். தமிழில் எழுதியது, ஸ்கோபஸுக்குள் வராதது. விருது கிடைத்தபிறகு அதை எந்தப் பட்டியலிலும் முதல் வரியில் போடுவார்கள். விருது கிடைக்காமல் போயிருந்தாலும் நூல் அதே நூல்தானே? அப்போது அது எத்தனையாவது வரியில் நின்றிருக்கும் என்பதே என் கேள்வி.

பொருநை

ஏட்டுச்சுவடி அம்மா கேட்டதை நான் வேறொரு முனையிலிருந்து கேட்கிறேன். ஒரு சாதனை ஆண்டறிக்கையில் ஏறும்போது, அது தனிமனிதரின் சாதனையாக இருந்ததிலிருந்து நிறுவனத்தின் சாதனையாக மாறுகிறது. 'நம் பல்கலைக்கழகப் பேராசிரியர்' என்ற தொடரில் உள்ள 'நம்' என்ற சொல்லுக்கு நிறுவனம் என்ன விலை கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோவின் கதை தெரிந்ததுதான் என்றாலும், ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது. ஹங்கேரியிலிருந்து 1985-இல் அமெரிக்கா சென்றவர், 1989-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தூது ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்வதற்கான குறிப்பைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் மூலக்கூறு) மருந்தாகப் பயன்படுத்த முடியும் என்று நம்பினார்; நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. நிதி கொண்டுவராதவருக்கு அங்கே பேராசிரியர் பாதையில் இடமில்லை என்பதால் 1995-இல் அவரைப் பதவியிறக்கம் செய்தார்கள். விலகிப் போகாமல், குறைந்த ஊதியத்தில் அங்கேயே தங்கினார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒளிநகல் எந்திரத்தின் அருகில் ட்ரூ வைஸ்மேனுடன் ஏற்பட்ட பழக்கம் கூட்டுவேலையாக வளர்ந்தது. ஆர்.என்.ஏ.யில் உள்ள யூரிடினுக்குப் பதிலாகச் சற்றே மாறிய சூடோயூரிடினை வைத்தால், உடலின் எதிர்ப்பாற்றல் அதைப் பகையாகக் கண்டு வீக்கத்தைக் கிளப்புவது அடங்கிவிடுகிறது என்பதை 2005-இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2013-இல் அவர் ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்துக்குப் போனார். கொரோனாத் தடுப்பூசிகள் வந்தன. 2023 அக்டோபரில் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அன்று பல்கலைக்கழகம் அவரைத் தன்னுடையவர் என்று கொண்டாடியது. பெயரளவில் அவர் அங்கே இணைநிலைப் பேராசிரியர்தான், ஆகவே அதில் பொய் இல்லை. ஆனால் 1995-ஆம் ஆண்டுக்கான சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

எடின்பரோவில் இருந்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். 1964-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பத்துக்கும் குறைவான கட்டுரைகளையே வெளியிட்டார். அண்மை வெளியீடுகளின் பட்டியலை அனுப்பும்படி துறையிலிருந்து சுற்றறிக்கை வரும்போது, 'ஒன்றும் இல்லை' என்று பதில் எழுதி அனுப்பியதாக 2013-இல் ஒரு நேர்காணலில் அவரே சொன்னார். இன்றைய சூழலில் தமக்கு வேலையே கிடைத்திருக்காது என்றும், 1980-இல் நோபலுக்கு முன்மொழியப்பட்டிராவிட்டால் பல்கலைக்கழகம் தம்மை அப்போதே நீக்கியிருக்கும் என்றும் கூறினார். மலைக்கோட்டை ஐயாவின் கைக்கு அப்படியொரு படிவம் வந்தால் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எனவே படிவத்தில் இன்னொரு பத்தி வேண்டும் என்பது என் யோசனை: 'இந்த வேலைக்கு நிறுவனம் கொடுத்தது என்ன?' நிதியா, பாடவேளைக் குறைப்பா, விடுப்பா, கருவியா? ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதட்டும்.

மணிக்கணக்கு

எல்லாரும் எண்களைத் திட்டுகிறீர்கள். நான் அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். எண்களுக்கு ஆதரவாக ஒருவராவது பேசவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஹிக்ஸும் கரிக்கோவும் உங்களுக்கு எடுத்துக்காட்டாகக் கிடைப்பதற்குக் காரணம், அவர்கள் கடைசியில் நோபல் வாங்கியதுதான். ஒன்றுமே எழுதாமல், ஒன்றுமே கற்பிக்காமல் இருபது ஆண்டுகள் கழித்தவரும் 'ஆழமாகச் சிந்தித்துக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் சொல்வார். யார் உண்மையாகவே சிந்திக்கிறார், யார் ஒப்புக்குச் சொல்கிறார் என்பதை யார் முடிவு செய்வது? எண்கள் இல்லாத காலத்தில் அதைத் துறைத்தலைவரும் தேர்வுக்குழுவில் உட்கார்ந்தவர்களும் முடிவு செய்தார்கள். அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பதை என் தகப்பனார் வயதில் உள்ளவர்களைக் கேளுங்கள். சிபாரிசு, சாதி, பணம் என்று வரிசையாகச் சொல்வார்கள். என்னைப்போல் பின்னால் சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கு, 'எனக்கு இத்தனை கட்டுரைகள், இத்தனை மதிப்பெண்' என்று மேசையில் எடுத்து வைக்கக்கூடிய தாள் ஒரு கவசம். அது ஓட்டைக் கவசம் என்பது எனக்கும் தெரியும். 2025 சனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகளில், மதிப்பெண் முறையைக் கைவிட்டு, ஒன்பது வகைக் 'குறிப்பிடத்தக்க பங்களிப்புகளை' நிபுணர் குழு எடைபோடும் என்று இருந்தது. துணைவேந்தர் நியமனத்தைப் பற்றிய பகுதியை எதிர்த்துத் தமிழ்நாட்டில் பெரிய விவாதம் நடந்தது, சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. எனக்கோ இந்தப் பகுதியே அதிகக் கவலையைத் தந்தது. தாளைப் பிடுங்கிக்கொண்டு, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுபோல் இருக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். நான் எழுதும் கட்டுரைகளில் கல்லூரியின் முகவரி இருப்பதால், அவை கல்லூரியின் கணக்கில் ஏறுகின்றன. தரவரிசைக்கு அனுப்பும் தரவிலும் போகின்றன. எனக்கு மாதத் தொகுப்பூதியம் 25,000 ரூபாய். மானியக் குழுவின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பாடவேளைக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்கிறது. பொருநை கேட்கும் 'நிறுவனம் கொடுத்தது என்ன' என்ற பத்தியை வரவேற்கிறேன். ஆனால் அதை நிரப்பும்போது என் கையெழுத்து எந்த மையில் இருக்கவேண்டும், அடுத்த ஆண்டு என் ஒப்பந்தத்தை யார் புதுப்பிப்பார்கள் என்பதையும் அவர் சொல்லவேண்டும்.

பொருநை

மணிக்கணக்கு சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பத்தியை ஆசிரியர் நிரப்பக்கூடாது, நிதி அலுவலகமே தன் ஆவணங்களிலிருந்து நிரப்பவேண்டும் என்று என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன். என்ன கொடுத்தோம் என்பது கொடுத்தவருக்குத் தெரியும்.

திருப்புளி

பல்கலைக்கழகப் பட்டறையிலும் ஆய்வகத்திலும் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த இழையை என் மகள் காட்டினாள்; எழுதியதையும் அவளே தட்டச்சு செய்கிறாள்.

மலைக்கோட்டை ஐயா அந்தத் தொழில்நுட்பரைப் பற்றிப் பரிவோடு எழுதியிருக்கிறார். ஆனால் பட்டியலில் பெயர் வருவதற்காக எங்களில் யாரும் ஏங்கிக்கொண்டிருந்ததில்லை என்பதைப் பணிவோடு சொல்கிறேன். நாங்கள் கேட்டவை வேறு. வெற்றிட எந்திரங்களைப் பற்றி வெளியூரில் ஒருவாரப் பயிற்சி நடக்கிறது, போய் வரட்டுமா என்று கேட்டால், 'பயிற்சி ஆசிரியர்களுக்குத்தான்' என்று கோப்பு திரும்பும். நான் எந்தப் பதவியில் சேர்ந்தேனோ அதற்கு மேலே ஒரே ஒரு படிதான் இருந்தது. அதில் இருந்தவர் ஓய்வு பெறும்வரை காத்திருந்து, எனக்கும் ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கும்போது ஏறினேன். புதிதாக வரும் கருவிகளுக்கு உரிய கையேட்டைப் பேராசிரியரின் அலமாரியில் பூட்டி வைப்பார்கள். கருவி நின்றுபோனால் மட்டும் அலமாரி திறக்கும்.

ஆய்வாளர்கள் கட்டுரையில் எழுதும் வாசகம் ஒன்று எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்: 'இதற்கெனத் துறையிலேயே உருவாக்கப்பட்ட அமைப்பில் அளவீடுகள் எடுக்கப்பட்டன.' உருவாக்கப்பட்டன, எடுக்கப்பட்டன. அந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது.

எண்ணும்எழுத்தும்

திருப்புளி ஐயா எழுதியதைப் படித்தவுடன் இருவர் நினைவுக்கு வந்தார்கள்.

முதலாமவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், 1929-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் மருத்துவப் படிப்புத் திட்டத்தைத் தள்ளிப்போட நேர்ந்ததால், அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆய்வு, பதிவேட்டில் இருந்த பதவியோ துப்புரவாளர் பதவி. பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம்பாரிக்கும் குழந்தைகளுக்கான அறுவையை விலங்குகளில் செய்து செய்து முறைப்படுத்தியவர் அவர்தான். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் குழந்தைக்கு அந்த அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் பின்னால் ஒரு முக்காலியின்மேல் நின்று, தையலின் போக்கு உட்பட ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். முறைக்குப் பிளேலாக், குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் ஆகிய இருவரின் பெயர்கள் வைக்கப்பட்டன. 1976-இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்த அறுவையை மருத்துவர்கள் பலர் இப்போது பிளேலாக்–தாமஸ்–டாசிக் என்றே எழுதுகிறார்கள்.

இரண்டாமவர் நமக்கு இன்னும் அருகில் இருப்பவர். சி.வி.இராமன் 1917 முதல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர். ஆய்வு செய்ததோ பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்தவர் ஆசுதோஷ் தே. கருவிகளை இயக்குவதும் சோதனைகளை அமைப்பதும் அவர் வேலை. அந்த உதவியாளரின் பெயரில், அதிர்வெண்ணை நேரடியாக அளக்கும் புதிய முறையைப் பற்றிய கட்டுரை ஒன்று 1919-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. ஆசிரியர் தே மட்டுமே. இராமன் எழுதியது முன்குறிப்பு மட்டும். நூற்றாண்டுக்கு முன்னால், இன்றைய படிவங்கள் எதுவும் இல்லாத காலத்தில், பேராசிரியர் ஒருவர் தம் உதவியாளரை முன்னால் நிறுத்தித் தாம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றிருக்கிறார். இராமன் எல்லாரோடும் அப்படி நடந்துகொண்டாரா என்று கேட்டால், அது வேறு விவாதம். இராமன் விளைவுக் கண்டுபிடிப்பில், வத்திராயிருப்பிலிருந்து சென்ற கே.எஸ்.கிருஷ்ணனுக்கு உரிய பங்கைப் பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை.

இப்போது இதற்கு ஒரு நடைமுறையும் வந்துவிட்டது. பல ஆய்விதழ்கள் கட்டுரையின் இறுதியில் யார் என்ன செய்தார் என்பதைப் பதினான்கு வகைகளாகப் பிரித்து எழுதச் சொல்கின்றன: கருத்தாக்கம், ஆய்வு நடத்தல், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, கருவியும் பொருளும் வழங்கல், முதல் வரைவு என்று போகும். பிரிட்டனில் 2017 முதல் பல்கலைக்கழகங்கள் பல, தொழில்நுட்பப் பணியாளரின் பதவி உயர்வு, பயிற்சி, அங்கீகாரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்று உறுதிமொழிக் கையெழுத்திடுகின்றன. திருப்புளி ஐயா கேட்ட படியும் பயிற்சியும் அந்த உறுதிமொழியில் இருக்கின்றன.

ஏட்டுச்சுவடி

எங்கள் நூலகத்தில் சுவடிகளுக்கு எண்ணெய் பூசி, உடைந்தவற்றை ஒட்டி, விவர அட்டை எழுதிய ஓர் அம்மாள் இருந்தார். தமிழெண்களைப் படிப்பதில் எங்கள் துறையில் யாரும் அவருக்கு ஈடில்லை. நான் பதிப்பித்த சிற்றிலக்கியத்தின் ஏட்டில் பக்கங்கள் இடம் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். முன்னுரையில் நன்றி என்று ஒரு வரி எழுதினேன். இந்த இழையைப் படித்தபிறகு அந்த வரியை எடுத்துப் பார்த்தேன்; 'நூலகப் பணியாளர்களுக்கும்' என்று இருக்கிறது. பெயர் இல்லை. மறுபதிப்பு வரும்போது மாற்றுவேன்.

மலைக்கோட்டை

இரண்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

கோப்பெண் சொன்னபடி காப்புரிமைகளை மூன்றாகப் பிரித்தேன். 'வழங்கப்பட்டவை' என்ற தலைப்பின்கீழ் இரண்டே வரிகள் மிஞ்சின. இரண்டு துறைத்தலைவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். கட்டணம் செலுத்திப் பெற்ற விருதுகளை நீக்கவில்லை. விருது வழங்கியவர், தேர்வு முறை, கட்டணம் என்று மூன்று விவரங்களைக் கேட்டுப் படிவத்தைத் திருப்பி அனுப்பினேன், பெரும்பாலானவை திரும்பி வரவே இல்லை. மொழிபெயர்ப்புகளையும் பதிப்புகளையும் தனித்தலைப்பில், பக்க அளவோடும் எடுத்துக்கொண்ட ஆண்டுகளோடும் எழுதினேன். கௌரவ விரிவுரையாளர்களின் கட்டுரைகளுக்கு எதிரே அவர்களது பதவியையும் எழுதினேன். அதை 'தேவையற்ற விவரம்' என்று மேலே இருந்து ஒருவர் அடித்தார், நான் மீண்டும் எழுதினேன், இரண்டாம் முறை யாரும் கவனிக்கவில்லை.

'நிறுவனம் கொடுத்தது என்ன' என்ற பத்தி முதல் கூட்டத்திலேயே போய்விட்டது. அதை நிதி அலுவலகம் நிரப்பவேண்டும் என்று சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

தொழில்நுட்பரைப் பற்றிய குறிப்பைப் பணியாளர் கட்டத்தில் போடாமல், இயற்பியல் துறையின் ஆய்வுப் பகுதியிலேயே, மூன்று கட்டுரைகளுக்கும் மேலே வைத்தேன். அது அப்படியே அச்சாகிவிட்டது. அச்சுக்குப் போவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஓரிடத்தை மட்டும் திருத்தச் சொன்னார். 'பழுதடைந்திருந்த நைட்ரஜன் வால்வைச் சீர் செய்தார்' என்று எழுதியிருந்தேன். வால்வு பழுதடையவில்லை, அந்தப் பெட்டியில் வால்வே இல்லாமல்தான் வந்தது, ஆகவே 'செய்தார்' என்று எழுதுங்கள் என்றார்.